சாப்பாட்டு மேஜையில் ஒரு பூங்கா

பல்செட்டுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பூங்கா இருந்தது. அதன்மேல் நிழல் விழக்கூடாது என்பதால் புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார்கள். விருந்தாளி வந்தால் அவரும் நின்றார்.

பேக்கரியில் ரொட்டி அடுக்குகிற அகலத் தட்டில் மண்ணை நிரப்பி, பாசியைப் புல்தரையாகப் பதித்து, சாண் உயரத்துக்கு ஒரு மரத்தை வளர்த்திருந்தார் பல்செட்டுக்காரர். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற வட்டக் கண்ணாடிதான் குளம். பல்செட்டின் ஈறு செய்கிற பிசினில் ஒரு பெஞ்ச் வார்த்துப் பச்சை வர்ணம் பூசியிருந்தார். பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்; அவரும் பிசின்தான். மொத்தமும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற நகராட்சிப் பூங்காவின் அச்சு அசல். அங்கே வாட்ச்மேன் எந்நேரமும் பேப்பரும் கையுமாக பெஞ்சில் இருப்பார் என்பதால் இங்கே கிழவர். அங்கே பெஞ்சின் இடது கை உடைந்திருந்தது என்பதால், இங்கே அழகாக வார்த்த கையைக் குறடு வைத்து உடைத்தவர் அவர்.

வாடிக்கையாளர்கள் பல்லில்லாமல் மாதக்கணக்கில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, பல்செட்டுக்காரர் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பூங்காவைப் பெருக்கிக்கொண்டிருப்பார். மருந்து ஊசியால் மழை பெய்விப்பார். வீட்டில் மின்விசிறி போட்டால் அங்கே புயல் என்று அணைத்துவிடுவார். தும்மல் வந்தால் வாசலுக்கு ஓடவேண்டும். ஒருமுறை அவர் மனைவி அடக்க முடியாமல் உள்ளேயே தும்மிவிட, கிழவர் கையிலிருந்த பேப்பர் பறந்துபோய் பருப்பு டப்பாவுக்குள் கிடைத்தது. அதற்காக அவர் அவளோடு பேசாமல் இருந்தார். பூங்காவோடு பேசினார்.

அவளைத் தெருவே டிக்கெட்டக்கா என்று கூப்பிட்டது. பஸ் டிப்போவில் முன்பதிவுக் கவுண்டர் அவளுடையது. கண்ணாடியில் உள்ள ஓட்டை வழியாகக் கைகள் வரும், மலைக்குப் போகிறேன், அருவிக்குப் போகிறேன், கடலுக்குப் போகிறேன் என்று சொல்லும், இவள் அச்சடித்துக் கொடுப்பாள். எந்த பஸ்ஸில் எந்த வளைவில் எந்த சீட்டுக்காரருக்கு வாந்தி வரும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. ஆனால் பூங்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. தங்கை கடற்கரையில் வீடு கட்டிக் குடிபோய், வீட்டுச் சுவர் உப்புக்காற்றில் உரிந்து, மறுபடி வெள்ளையும் அடித்தாகிவிட்டது. டிக்கெட்டக்கா இன்னும் அந்த வாசலை மிதிக்கவில்லை. கடலில் காலை நனைத்துக்கொண்டு ஒரு முழுநாள் சும்மா நிற்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதிகமான ஆசை ஒன்றும் இல்லை.

"போலாம்மா. யார் தண்ணி விடுவா?" என்பார் அவர்.

ஒருதடவை தட்டை மடியில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் இறங்கி நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்கிறேன் என்று அவர் டிரைவரிடம் சொல்ல, மூன்றாவது வேகத்தடையில் அவர் இறங்கியதும் டிரைவர் நிற்காமல் போய்விட்டார். டிக்கெட்டக்கா உள்ளே இருந்தாள். அவளும் இறங்கி, தலையில் அடித்துக்கொண்டே திரும்பி நடந்து வந்தாள். "மரத்துக்கு பஸ் ஒத்துக்கல," என்றார் அவர்.

கடைசியில் அவளுடைய அண்ணன்தான் கைகொடுத்தார். தீயணைப்பு வண்டி டிரைவர், கல்யாணம் இல்லை, டீ கிளாஸைப் பிடித்தால் கிளாஸ் கைக்குள் காணாமல் போய்விடும். பூங்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு வாரம் போய்வாருங்கள் என்றார். பல்செட்டுக்காரர் அவரை மேஜை முன்னால் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"மச்சான், மூச்சை அந்தப் பக்கமா விடுங்க."

"விட்டேன், மாப்ள."

"எது செஞ்சாலும் மெதுவா செய்யணும்."

"எங்க வேலையே அதானே மாப்ள. மெதுவாத்தான் செய்வோம்."

"தெனம் வீடியோவுல காட்டணும். ஒரு இலை, ஒரே ஒரு இலை உதிர்ந்தாலும் அடுத்த பஸ்ஸுல நான் வந்துருவேன்." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "அப்புறம் ஜென்மத்துக்கும் எங்கேயும் போறதா இல்ல. சொல்லிட்டேன்," என்றார்.

டிக்கெட்டக்கா தனக்கான டிக்கெட்டைத் தானே அச்சடித்து, தன் பெயரைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

கடல் சொன்னபடி அங்கேயே இருந்தது. தங்கை இரண்டு நாற்காலிகளைக் கரையில் போட்டாள். பல்செட்டுக்காரர் தன் நாற்காலியை எடுத்துக் கடலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் போன் திரையில் வெளிச்சம் அடிக்கிறதாம். டிக்கெட்டக்கா புடவையைத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலை நனைத்தாள். பாதம் நனைவதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"இங்க வாயேன்! ஓரத்துல பாசி பழுப்படிக்குது பாரு!"

திரையில் பூங்கா தெரிந்தது. அதன் மேல் மேகம்போல அண்ணனின் முகம்.

"மச்சான், தண்ணி பத்தல. நல்லா நனையணும்."

"நனைச்சிருவோம் மாப்ள."

"ஆனா மெதுவா."

"நீங்க கவலைய விடுங்க."

மறுநாள் அண்ணன் காலையில் கூப்பிடவில்லை. பகலிலும் இல்லை. பல்செட்டுக்காரர் பையை எடுத்து மடித்த சட்டைகளை அடுக்கத் தொடங்கினார். டிக்கெட்டக்கா அவர் அடுக்க அடுக்க மறுபக்கம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

திரையைப் பார்த்ததும் அவர் வாய் பிளந்தது. புல்தரை தளதளவென்று இருந்தது. மரத்தில் இலைக்கு இலை வெயில் பட்டு மினுங்கியது. குளத்தில் நிஜத் தண்ணீர் மாதிரியே அலை. கிழவர் மடிப்புக் கலையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்!" அவர் பையைத் தள்ளி வைத்தார். "என்ன செஞ்சீங்க?"

"மெதுவா தண்ணி விட்டேன், மாப்ள."

உப்புச் சாரல் பட்டு மங்கிய மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதற்காக அவர் கழற்றினார். அந்த நேரம் பார்த்துத் திரையில் கிழவர் பேப்பரைத் தாழ்த்தி, காதுக்குள் விரலை விட்டுக் குடைந்து, விரலைப் பார்த்துவிட்டு, மறுபடி பேப்பரைத் தூக்கினார்.

டிக்கெட்டக்கா அதைப் பார்த்துவிட்டாள். "அண்ணன்கிட்ட வீட்டுச் சாவி விஷயமா ஒண்ணு கேக்கணும்," என்று போனைப் பிடுங்கிக்கொண்டு, அலைச் சத்தம் காதை அடைக்கிற தூரத்துக்குப் போனாள்.

"அண்ணா, உண்மையச் சொல்லு. அது எங்க?"

"எது?"

"தட்டு."

"தட்டு இருக்கு பாப்பா."

"அதுல இருந்ததெல்லாம்?"

"அதுவும் இருக்கு. ஒரே எடத்துல இல்ல."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாப்பிள்ளை நல்லா நனையணும் என்றார். ஊசியால் சொட்டுச் சொட்டாக விட்டால் எப்போது நனைவது? தீயணைப்பு வண்டி வாசலில்தான் நின்றது. தட்டை பால்கனியில் வைத்துவிட்டு, குழாயை மாடிக்கு இழுத்து வந்து திறந்திருக்கிறார்.

"மெதுவாத்தான் திறந்தேன், பாப்பா."

"உனக்கு மெதுவான்னா என்ன அளவு?"

"ஓடு பறக்காத அளவு."

பாசி எதிர்வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது அங்கே நன்றாக இருக்கிறதாம். மரம் கீழே தையல்கடைக்காரரின் பந்தலில் விழுந்து, அவர் அதைக் கருவேப்பிலைக் கொத்து என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெஞ்ச், எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று குடித்துக்கொண்டிருந்த டீயில் விழுந்தது. அவர் பிஸ்கட் என்று நினைத்துக் கடித்துவிட்டார்.

"ஐயோ! அவருக்கு ஒண்ணும் ஆகலியே?"

"முன்பல்லு ரெண்டு போச்சு. மாப்ள வந்ததும் செட்டு கட்டித் தரச் சொல்லலாம்னு இருக்கேன். கிழவரைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்."

"அப்ப இப்ப காட்டினது?"

"டிப்போ பின்னாடி பார்க்கு. என்ன செய்யறதுன்னு தெரியாம அங்க போய் உக்காந்திருந்தேன். எதேச்சையா போன்ல பாத்தேன். போனுக்குள்ள போயிட்டா எல்லாம் ஒரே சைஸுதான் பாப்பா. வாட்ச்மேன்கிட்ட சொன்னேன், ஆடாம உக்காரச் சொல்லி. டீ வாங்கித் தர்றேன்னு இருக்கேன்."

"காதுல பூ சுத்துறவங்களப் பாத்திருக்கேன்," என்றாள் டிக்கெட்டக்கா. "பூங்காவையே சுத்துற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"மாப்ளகிட்ட சொல்லிரட்டுமா?"

அவள் கடலைப் பார்த்தாள். அப்போதுதான் ஒரு அலை வந்து முதல்முறையாக அவள் கணுக்காலைத் தொட்டது. சொன்னால் அடுத்த பஸ். அதன்பிறகு ஜென்மத்துக்கும் கண்ணாடி ஓட்டையும் அடுத்தவர் கைகளும்தான்.

"வாய மூடிக்கிட்டு இரு," என்றாள். "வாட்ச்மேனைக் காது குடையக் கூடாதுன்னு சொல்லு."

நிம்மதியாக நிற்கலாம் என்று நினைத்தாள். அங்கேதான் தப்புக்கணக்குப் போட்டாள். பூங்கா மோசமாக இருந்தால் கவலைப்படுகிறவர், நன்றாக இருந்தால் இன்னும் நன்றாக்கச் சொல்வார் என்பது இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"மச்சான், வலப்பக்கம் ஒரு கிளை துருத்திக்கிட்டிருக்கு. சாமணத்தால கிள்ளி விட்ருங்க."

அண்ணன் ஏணி வண்டியைக் கொண்டுவந்து, ரம்பத்தோடு ஏறி, பட்டப்பகலில் நகராட்சி மரத்தின் கிளையை அறுத்தார். விழுந்தபோது டிப்போவில் பஸ் மோதிவிட்டது என்று கூட்டம் ஓடிவந்ததாம்.

"என்ன சத்தம், மச்சான்?"

"சாமணம் கீழ விழுந்துருச்சு, மாப்ள."

அதற்கடுத்த நாள், "பெஞ்சை ஒரு நகக்கண் அளவு குளத்துப் பக்கம் தள்ளுங்க," என்றார். சிமென்ட்டில் புதைத்த பெஞ்ச் அது. தீயணைப்பு நிலையமே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கடப்பாரை போட்டுப் பெயர்த்து, வாட்ச்மேன் எழுந்திருக்க மறுத்ததால் அவரோடு சேர்த்தே தூக்கிவைத்தது.

"இன்னும் ஒரு மயிரிழை," என்றார் பல்செட்டுக்காரர்.

டிக்கெட்டக்கா பல்லைக் கடித்தாள். தண்ணீருக்குள் போய் நிற்கும்போதெல்லாம் போன் அடிக்கும். அவர் எக்குத்தப்பாக எதையாவது பார்த்துத் தொலைப்பாரோ என்று கரைக்கு ஓடி வருவாள். போய்ப் போய் வந்து வந்து, ஈர மணலில் அவள் கால்பட்டு ஒரு வாய்க்காலே உண்டாகிவிட்டது. அதில் தண்ணீர் வேறு வந்து நின்றது.

"அக்கா, கடலைப் பாக்க வந்தியா, ஓட்டப்பந்தயத்துக்கு வந்தியா?" என்றாள் தங்கை.

"உங்க மாமாவைக் கேளு."

மாமா திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். "மச்சான், கிழவர் மேல தூசி படிஞ்சிருக்கு பாருங்க. எடுத்து, சோப்புத் தண்ணியில முக்கி, பிரஷ் போட்டுத் தேச்சு, வெயில்ல காயவச்சு வைங்க."

திரையில் பேப்பர் லேசாக நடுங்கியது.

"அவரு ஒத்துக்க..." என்று தொடங்கிய அண்ணன், "ஒத்தையா கெடக்குறாரு, செஞ்சிரலாம் மாப்ள," என்று முடித்தார். மறுநாள் வாட்ச்மேன் முகம் மழித்து, கஞ்சி போட்ட சட்டையில், பேப்பருக்கு மேலே எரிந்த கண்களோடு உட்கார்ந்திருந்தார். "முகத்துல உயிர் வந்துருச்சு!" என்று பல்செட்டுக்காரர் உருகினார்.

அப்போது ஒரு காக்கை வந்து பெஞ்சின் முதுகில் உட்கார்ந்தது.

"என்ன மச்சான் இது, எள்ளுப்போல ஒரு காக்கா! நீங்க செஞ்சதா?"

"சும்மா இருந்தேன் மாப்ள. மெழுகு கெடந்துச்சு."

"அடடா, என்ன கைவேலை! அலகைப் பாருங்க, எறகைப் பாரு..." அவர் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காக்கை தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. இறக்கையை விரித்தது.

டிக்கெட்டக்கா கடலுக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள். அவள் ஓடி வந்த வேகத்தில் பின்னாலேயே ஒரு அலையும் வந்துவிட்டது. அவரும் நாற்காலியும் போனும் நனைந்தார்கள். திரை இருண்டது.

"கால் இடறிடுச்சு," என்றாள்.

"காக்கா பறந்த மாதிரி இருந்துச்சே?"

"உங்களுக்கு தலை சுத்தியிருக்கும். வெயில்."

போன் உயிர் பிழைப்பதற்குள் ஊருக்குக் கிளம்புகிற நாள் வந்துவிட்டது. பஸ்ஸில் டிக்கெட்டக்கா ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டு வந்தாள். டிப்போவில் இறங்கினால் வீட்டுக்குப் போகிற வழி அந்தப் பூங்காவை ஒட்டித்தான். "ஆட்டோவுல போலாங்க," என்றாள். "எட்டு வச்சா வீடு, எதுக்கு ஆட்டோ?" என்று அவர் நடந்தார்.

வேலிப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். கிளை வெட்டிய மரம். குளத்துப் பக்கம் தள்ளிய பெஞ்ச். மழித்த முகமும் விறைத்த சட்டையுமாக வாட்ச்மேன். அவர் இவரைப் பார்த்ததும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பல்செட்டுக்காரர் மேலும் பார்த்தார், கீழும் பார்த்தார். டிக்கெட்டக்கா பையைக் கீழே வைத்துவிட்டாள். முடிந்தது. இனிமேல் மலையும் இல்லை, அருவியும் இல்லை.

"பாத்தியா அநியாயத்த!" என்றார் அவர்.

"என்னங்க..."

"நான் யோசிச்சு யோசிச்சு மாத்துறேன், இவனுங்க அப்படியே பாத்துக் காப்பியடிச்சு வச்சிருக்கானுங்க! அந்தக் கிளை, பெஞ்சு, எல்லாம்! நகராட்சியில எவனோ நம்ம வீட்டு ஜன்னல் வழியா வேவு பாக்குறான்!"

டிக்கெட்டக்கா பையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரிடமா இத்தனை வருஷம் உண்மை பேசிக்கொண்டிருந்தோம் என்று எரிச்சல்தான் வந்தது.

வீட்டில் அண்ணன் தன்னால் ஆனதைச் செய்து வைத்திருந்தார். தீயணைப்பு நிலையத் தொட்டியிலிருந்து சுரண்டிய பாசி. செடிக்கடையில் வாங்கி நட்ட ஒரு கன்று. எதிர்வீட்டுக்காரரின் பல்தடத்தோடு திரும்பக் கிடைத்த பெஞ்ச். கிழவர் கடைசிவரை கிடைக்காததால், துணி சோப்பில் செதுக்கிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முகம் என்று எதுவும் இல்லை.

பல்செட்டுக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். தட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். அண்ணன் மூச்சை அந்தப் பக்கமாக விட்டுக்கொண்டு நின்றார். டிக்கெட்டக்கா அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாடிப்போச்சு," என்றார் கடைசியில்.

அண்ணன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"போன்ல பாத்தப்ப எப்படி இருந்துச்சு! என்ன பச்சை, என்ன உயிர்! நான் வாசல்ல காலை வச்சதும் பாரு, மரம் குறுகிருச்சு. கிழவருக்கு முகமே விழுந்துருச்சு." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "என் கண்ணேதான் பட்டிருக்கு. இத்தனை வருஷமா பக்கத்துலயே உக்காந்து பாத்து பாத்து, நான்தான் இதைச் சவலையாக்கியிருக்கேன். இது நான் இல்லாதப்பதான் செழிக்குது."

"அப்படி சொல்லாதீங்க மாப்ள," என்றார் அண்ணன், நிஜமான பயத்தோடு.

"இல்ல மச்சான். இனிமே இது உங்க பொறுப்பு. உங்க கைக்குத்தான் அது கட்டுப்படுது." மனைவியைப் பார்த்தார். "அடுத்த பஸ் எப்போ? எந்த ஊரா இருந்தாலும் சரி. நான் கூட இருந்தா இது செத்துரும்."

டிக்கெட்டக்கா மாட்டிய பையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கேட்டது கிடைத்தபோது மறுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அதன்பிறகு அவர்கள் மலைக்குப் போனார்கள். அவர் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அருவிக்குப் போனார்கள், சத்தத்தில் மச்சான் பேசுவது கேட்கவில்லை என்று அருவியைத் திட்டினார். சமையல் செய்து பாதி இறக்கியிருக்கும்போது, "மரம் கொஞ்சம் சோர்வா தெரியுது, கெளம்பு," என்பார். ஏன் சோர்வாகத் தெரிகிறது என்றால், அது மேஜை மேல் இருந்தது. டிப்போவுக்குப் பின்னால் இருந்ததோ நாளுக்கு நாள் அழகானது. பூக்கள் வந்தன, குளத்தில் தாமரை வந்தது, சாயங்காலத்தில் உட்கார இடமில்லை. நகராட்சித் தலைவர் வந்து தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டு போனார். அண்ணனுக்கு முதுகு வளைந்துவிட்டது. ஊரில் நெருப்புப் பிடித்தால் மக்கள் பூங்காவுக்கு ஓடிவந்துதான் அவரைக் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன், டீ வேண்டாம், பேப்பரையாவது மாற்றிக் கொடுங்கள், ஒரே செய்தியை எத்தனை தடவை படிப்பது என்று புலம்பினார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டிக்கெட்டக்கா பல தடவை நினைத்தாள். ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். "என்னங்க, நீங்க போன்ல பாக்கறது நிஜப் பூங்கா."

"அதான் நானும் சொல்றேன்!" என்றார் அவர் பெருமை தாங்காமல். "நிஜம்னே நெனப்பாங்க!"

மறுநாள் கவுண்டரில் உட்கார்ந்து, கண்ணாடி ஓட்டைக்கு வெளியே நீண்ட கைகளையெல்லாம் காத்திருக்க வைத்துவிட்டு, அவள் இரண்டு டிக்கெட்டுகளை அச்சடித்தாள். பக்கத்துக் கவுண்டர்க்காரி எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியுமாக்கா? இந்தத் தடவை எங்க?"

"தீவு ஒண்ணு இருக்காம். பஸ்ஸு, அப்புறம் படகு. நாலு பக்கமும் கடல். எந்தப் பக்கம் திரும்பி உக்காந்தாலும் கடலைப் பாத்துத்தான் ஆகணும்."

"அங்க சிக்னலே கெடையாதேக்கா."

"அவர்கிட்ட ஊருலேயே அங்கதான் நல்லா கெடைக்கும்னு சொல்லியிருக்கேன்," என்றாள் டிக்கெட்டக்கா, ஓட்டை வழியாக நீண்ட முதல் கையைப் பார்த்து. "சொல்லுங்க சார், எந்த ஊரு?"